நாளுக்குரிய பங்கு: மன்னா கற்றுத்தரும் நம்பிக்கையும் கீழ்ப்படிதலும்

சிந்தனைக்கு: விடுதலைப் பயணம் 16:1-36



சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், மாலைத் திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய கணவர் கொத்தனார். கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டு, நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவச் செலவுக்காக வாங்கிய கடனுக்கு வாரந்தோறும் வட்டி கட்ட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடவுளை நம்புங்கம்மா, அவர் கைவிடமாட்டார்" என்றேன். அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்புறேன் சாமி. நம்பாம எங்க போவேன்? ஆனா நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. அவருக்காகச் செபித்து, ஆசீர் அளித்து அனுப்பிவைத்தேன். ஆனால் அவருடைய கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. குருமடத்தில் நம்பிக்கையைப் பற்றி எத்தனையோ பாடங்கள் படித்திருந்தேன். எத்தனையோ மறையுரைகளும் ஆற்றியிருந்தேன். ஆனால் 'நாளைக் காலை' என்ன செய்வது என்று யாருக்கும் சொன்னதாக நினைவில்லை. அந்த வாரம் விவிலியத்தைத் திறந்து, இதே கேள்வியைக் கேட்ட மக்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. நாளைக் காலை எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று கடவுள் நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் அதிகாரம் அது. அதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சேமிப்புக் கிடங்குகளிலிருந்து பாலைநிலத்துக்கு

இஸ்ரயேல் மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டுச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்ச மரங்களும் இருந்த ஏலிமில் அவர்கள் தங்கியிருந்தார்கள் (விப 15:27). அங்கிருந்து சீன் பாலைநிலத்துக்கு வந்தபோது கையில் கொண்டுவந்த உணவு தீர்ந்துவிட்டது. உடனே மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக முணுமுணுக்கத் தொடங்கினார்கள். எகிப்தில் இறைச்சிச் சட்டிகளின் அருகே அமர்ந்து வயிறார உண்டபோதே செத்திருக்கலாமே என்றார்கள் (விப 16:3).

பசி வந்தால் பழைய அடிமைத்தனம்கூட விருந்தாகத் தெரியும் என்பதற்கு இது ஒரு சான்று. இந்த மக்கள் எகிப்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பார்வோனுக்காகப் பித்தோம், இராம்சேசு என்னும் களஞ்சிய நகர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் (விப 1:11). வேறொருவனின் தானியத்தைச் சேமித்து வைக்கும் கிடங்குகளுக்காகத் தம் முதுகு ஒடிய உழைத்தவர்கள் அவர்கள். பின்னர் வைக்கோல்கூடக் கொடுக்காமல், அன்றன்றைய செங்கல் கணக்கை அன்றன்றே முடிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள் (விப 5:13-14).

எபிரேய மூலத்தில் இங்கே ஒரு சொற்றொடர் வருகிறது. 'தவார் யோம் பெயோமோ'. அந்தந்த நாளுக்குரியது அந்தந்த நாளில் என்பது அதன் பொருள். பார்வோனின் ஆள்கள் செங்கல் கேட்கும்போது பயன்படுத்திய அதே சொற்றொடரைத்தான், மன்னாவை வாக்களிக்கும்போது ஆண்டவரும் பயன்படுத்துகிறார் (விப 16:4). பார்வோன் ஒவ்வொரு நாளும் இவ்வளவு கொடு என்று கேட்டான். கடவுளோ ஒவ்வொரு நாளும் இவ்வளவு பெற்றுக்கொள் என்கிறார். 'தவார்' என்ற எபிரேயச் சொல்லுக்குப் 'பொருள்' என்றும் 'வார்த்தை' என்றும் இரு அர்த்தங்கள் உண்டு. ஆக, அந்த நாளுக்குரிய உணவும் அந்த நாளுக்குரிய வார்த்தையும் சேர்ந்தே வருகின்றன. இந்தச் சிந்தனையின் மையம் இதுதான்.

அதே வசனத்தில் ஆண்டவர் இன்னொன்றும் சொல்கிறார். என் கட்டளைப்படி இவர்கள் நடப்பார்களா இல்லையா என்று இதன்மூலம் சோதித்து அறிவேன் என்கிறார். மன்னா ஒரு கொடை. அதே நேரத்தில் அது ஒரு சோதனையும்கூட.

கேட்பதும் கீழ்ப்படிவதும்

நம்பிக்கை வேறு, கீழ்ப்படிதல் வேறு என்று நாம் பல நேரங்களில் நினைத்துக்கொள்கிறோம். நம்பிக்கை உள்ளத்தில் இருப்பது, கீழ்ப்படிதல் நடத்தையில் தெரிவது என்று பிரித்துவிடுகிறோம். விவிலியம் அப்படிப் பிரிப்பதில்லை.

'ஷமா' என்ற எபிரேயச் சொல்லுக்குக் கேட்பது என்றும் கீழ்ப்படிவது என்றும் பொருள். இலத்தீன் மொழியில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபேதீரே' என்ற சொல்லும் கேட்டலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததே. நம் தமிழிலும் இது உண்டு. "பையன் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்கிறான் சாமி" என்று ஒரு தாய் சொன்னால், அவனுக்குக் காது கேட்கவில்லை என்றா பொருள்?

திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நம்பிக்கையால் வரும் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுகிறார் (உரோ 1:5, 16:26). இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு (எண் 5) அதே கருத்தை எடுத்துக்கொண்டு, தம்மை வெளிப்படுத்தும் கடவுளுக்கு மனிதர் தம்மை முழுவதும் கையளிப்பதே நம்பிக்கை என்று விளக்குகிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, இத்தகைய கீழ்ப்படிதலுக்கு ஆபிரகாமை முன்மாதிரியாகவும், அன்னை மரியாவை அதன் நிறைவாகவும் காட்டுகிறது (எண் 144-149).

இவை பெரிய உண்மைகள். ஆனால் ஆபிரகாமின் மலையுச்சியும் மரியாவின் வானதூதர் காட்சியும் நம் அன்றாட வாழ்வில் வருவதில்லை. நமக்கு வருவது அரிசி வாங்கும் கவலை, பள்ளிக் கட்டணம், மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கும் இரவு. அதனால்தான் மன்னா நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

புழு வைத்த மன்னா

காலையில் பனி மறைந்தபின் நிலத்தின்மேல் உறைபனி போன்ற மெல்லிய ஒன்று கிடந்தது. மக்கள் ஒருவரையொருவர் பார்த்து, இது என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியே அதற்குப் பெயராயிற்று. அது கொத்தமல்லி விதையைப் போல வெண்மையாகவும், தேன் கலந்த பணியாரம் போலச் சுவையாகவும் இருந்தது (விப 16:31). சீனாய்ப் பகுதியில் ஒருவகைப் பாலைநில மரத்தில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் இனிப்புத் துளிகளை அங்குள்ள நாடோடி மக்கள் சேகரிப்பதுண்டு என்பதை அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த அதிகாரத்தின் அக்கறை மன்னா எதனால் ஆனது என்பதில் இல்லை. அதை எப்படிப் பெற்றுக்கொள்வது என்பதில்தான் இருக்கிறது.

கட்டளை எளிமையானது. ஆளுக்கு ஓர் ஓமேர் அளவு சேகரிக்க வேண்டும். அது நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். வெயில் ஏறினால் உருகிவிடும், எனவே காலையிலேயே சேகரிக்க வேண்டும். மறுநாளுக்கென்று எதையும் மிச்சம் வைக்கக் கூடாது.

சிலர் மிச்சம் வைத்தார்கள். அது புழுத்து நாற்றமெடுத்தது. மோசே அவர்கள்மேல் சினம் கொண்டார் (விப 16:20).

இவர்களை நாம் எளிதில் குறைசொல்ல முடியாது. அவர்கள் திருடவில்லை. அடுத்தவர் பங்கைப் பறிக்கவில்லை. நாளைக்குப் பிள்ளைகள் பசியால் அழுதால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு கைப்பிடி எடுத்து ஒளித்து வைத்தார்கள். அந்தப் பயம் நமக்கும் தெரியும். ஆனால் அந்தக் கைப்பிடி மன்னா ஒன்றைச் சொல்கிறது. 'இன்று தந்தவர் நாளை தரமாட்டார்' என்பதுதான் அது. வாயால் நம்புகிறேன் என்று சொன்னவர்களின் பாத்திரம் நம்பவில்லை என்று சொல்லிவிட்டது. நம் நம்பிக்கையின் உண்மையான அளவை நம் உதடுகள் காட்டுவதில்லை. நாம் எதை எடுத்து ஒளித்து வைக்கிறோம் என்பது காட்டிவிடுகிறது.

புழு வைக்காத மன்னா

இந்த அதிகாரம் இத்தோடு முடிந்திருந்தால், சேமிப்பது பாவம் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். சிலர் அப்படிப் போதிப்பதும் உண்டு. நம்பிக்கை இருந்தால் காப்பீடு எதற்கு, மருந்து எதற்கு, திட்டமிடுவது எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனால் அதிகாரம் தொடர்கிறது.

ஆறாம் நாளில் மக்கள் இரண்டு மடங்கு சேகரித்தார்கள். சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கும்படி மோசே சொன்னார். வைத்தார்கள். அது நாற்றமெடுக்கவில்லை, புழுவும் வைக்கவில்லை (விப 16:24).

அதே மன்னா, அதே பாத்திரம், அதே ஓர் இரவு. ஒரு நாள் புழுத்தது, மறுமுறை புழுக்கவில்லை. என்ன வேறுபாடு? முதல் முறை அவர்கள் தங்கள் பயத்தின் பேச்சைக் கேட்டு வைத்தார்கள். இரண்டாம் முறை ஆண்டவரின் பேச்சைக் கேட்டு வைத்தார்கள்.

சேமிப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விவிலியம் ஒரே பதிலைத் தருவதில்லை. தொடக்க நூலில் யோசேப்பு ஏழு ஆண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் கிடங்குகளில் சேர்த்து வைத்துப் பஞ்சத்தில் மக்களைக் காப்பாற்றினார் (தொநூ 41). அது கடவுள் காட்டிய வழி. லூக்கா நற்செய்தியில் இன்னொருவன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான் (லூக் 12:16-21). அவனை ஆண்டவர் அறிவிலி என்றார். இருவரும் செய்தது தானியத்தைச் சேர்ப்பதுதான். ஒருவர் கடவுளின் சொல்லைக் கேட்டுப் பிறருக்காகச் சேர்த்தார். மற்றவன் தன் நெஞ்சோடு மட்டும் பேசிக்கொண்டு தனக்காகச் சேர்த்தான்.

நோயில் மருத்துவரிடம் செல்வதும் அப்படித்தான். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் தெளிவாகக் கற்பிக்கிறது (சீஞா 38:1-15). மாத்திரையைத் தூக்கி எறிவதை யாரும் நம்பிக்கை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஏழாம் நாள் வெளியே போனவர்கள்

இன்னும் சிலர் இருந்தார்கள். ஏழாம் நாளில் வெளியே போக வேண்டாம் என்று சொல்லியும், மன்னா சேகரிக்கப் போனார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை (விப 16:27).

வார நாள்களில் ஒளித்து வைத்தவர்களின் குறை, ஓய்வுநாளில் வெளியே ஓடியவர்களிடமும் இருந்தது. ஒரு நாள் கையை மடக்கி உட்கார்ந்தால் வாழ்க்கை நின்றுவிடும் என்ற பயம் அது. எகிப்தில் அவர்களுக்கு ஓய்வுநாள் இல்லை. அடிமை ஓய்வெடுத்தால் அடி விழும். அந்தப் பழக்கம் விடுதலை பெற்றபின்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை.

கவனியுங்கள், சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் தரப்படுவதற்கு முன்பே இது நடக்கிறது. ஓய்வுநாளைக் கற்பலகையில் எழுதித் தருமுன் ஆண்டவர் அதை வயிற்றின் வழியாகக் கற்றுக்கொடுக்கிறார். ஆறு நாள் நான் தருகிறேன், ஏழாம் நாளுக்கும் சேர்த்தே தருகிறேன், நீ அமர்ந்திரு என்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு நேரமில்லை, கடையைத் திறக்க வேண்டும், கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லும்போது, நாமும் காலிப் பாத்திரத்தோடு ஏழாம் நாளில் வெளியே போகிறவர்களாக இருக்கலாம். வறுமையால் ஞாயிற்றிலும் உழைத்தே தீர வேண்டியவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது அவர்களிடம் வேலை வாங்குகிற நம் கடமை.

சமமாக அளந்தபோது

ஓமேர் அளவையால் அளந்தபோது, அதிகம் சேகரித்தவரிடம் மிஞ்சவில்லை, குறைவாகச் சேகரித்தவருக்குக் குறைவுபடவில்லை (விப 16:18). முதியவர்களும் நோயாளிகளும் குழந்தைகளும் நிறைய சேகரித்திருக்க முடியாது. ஆனால் ஒரே கூடாரத்தில் அவர்களுக்கும் அதே ஓமேர்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், எருசலேமில் இருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக நிதி திரட்டியபோது, திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எடுத்துக்காட்டியது இந்த வசனத்தைத்தான் (2 கொரி 8:13-15). பாலைநிலத்தில் கடவுள் செய்த சமன்பாட்டை இனித் திருச்சபையில் நீங்கள் செய்யுங்கள் என்பது அவர் சொல்ல வந்தது. உன்னிடம் மிச்சமிருப்பது அடுத்தவரின் ஓமேராக இருக்கலாம். கடவுளை நம்புங்கள் என்று ஒருவருக்குச் சொல்லும்போது, அவருக்குக் கடவுள் அனுப்பும் மன்னா ஒருவேளை என் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அந்தத் தாய்க்கு ஆசீர் மட்டும் கொடுத்து அனுப்பியபோது நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

மன்னா நின்ற நாள்

நாற்பது ஆண்டுகள் இறங்கிய மன்னா ஒருநாள் நின்றது. யோசுவாவின் தலைமையில் மக்கள் யோர்தானைக் கடந்து, கில்காலில் தங்கி, எரிகோ சமவெளியில் பாஸ்காவைக் கொண்டாடினார்கள். அந்நாட்டின் விளைச்சலை உண்டதும் மன்னா நின்றுவிட்டது (யோசு 5:10-12).

கடவுள் கைவிட்டுவிட்டார் என்றா பொருள்? இல்லை. இனி உழ வேண்டும், விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும் (லேவி 19:9-10). நம்பிக்கை மாறவில்லை, கட்டளை மாறிவிட்டது. கானான் நாட்டிலும் காலையில் எழுந்து மன்னாவைத் தேடியவன் பட்டினி கிடந்திருப்பான். நேற்று எனக்குக் கடவுள் உதவிய அதே முறையில்தான் இன்றும் உதவ வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் கீழ்ப்படியாமையே. இன்றைய நாளுக்கு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இயேசு கற்றுத்தந்த மன்றாட்டு

இயேசு தம் சீடருக்குக் கற்றுத்தந்த செபத்தில் உணவுக்கான மன்றாட்டு ஒன்று உண்டு. அதில் வரும் 'எபியூசியோஸ்' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. 3ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஒரிஜனே, இது நற்செய்தியாளர்கள் உருவாக்கிய சொல் என்று கருதினார். புனித எரோணிமுஸ் இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, லூக்காவில் 'அன்றாடம்' என்றும், மத்தேயுவில் 'பொருளுக்கு அப்பாற்பட்ட' என்னும் பொருள்படவும் பெயர்த்தார். திருச்சபை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. தட்டில் வைக்கும் சோறும் பீடத்தில் பெறும் நற்கருணையும் அந்த ஒரே மன்றாட்டில் அடங்கியிருக்கின்றன. மன்னாவை உண்ட முன்னோர் இறந்தார்கள், தாமோ வானிலிருந்து இறங்கிவந்த வாழ்வுதரும் உணவு என்று ஆண்டவர் கப்பர்நாகுமில் கற்பித்ததும் இதனால்தான் (யோவா 6:48-51).

அவரை வளர்த்த புனித யோசேப்பும் இப்படியே வாழ்ந்தார். மத்தேயு நற்செய்தியில் அவருக்கு நான்கு முறை கனவில் வழிகாட்டப்படுகிறது (மத் 1:20, 2:13, 2:19, 2:22). எந்தக் கனவிலும் முழுப் பயணத் திட்டம் இல்லை. மரியாவை ஏற்றுக்கொள் என்றபோது எகிப்து பற்றிச் சொல்லவில்லை. எகிப்துக்குப் போ என்றபோது எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை, சொல்லும்வரை அங்கேயே இரு என்பது மட்டுமே. யோசேப்பு எழுந்தார், சொன்னதைச் செய்தார். நற்செய்தியில் அவர் பேசிய ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அவருடைய கீழ்ப்படிதல் மட்டும் பதிவாகியிருக்கிறது.

மூன்று துளி இரசம்

நம் காலத்தில் இதை வாழ்ந்து காட்டியவர் வியட்நாமின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசு உரிமையுள்ள பேராயராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, அங்குள்ள அரசு அவரைக் கைது செய்தது. விசாரணையே இல்லாமல் 13 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

மறைமாவட்டத்தில் செய்ய நினைத்த பணிகள் எல்லாம் பாழாகின்றனவே என்ற வேதனை தொடக்கத்தில் அவரை வாட்டியது. பிறகு ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காக நான் செய்யும் வேலைகள் வேறு. வேலைகளை அவர் எடுத்துக்கொண்டாலும் அவரை நான் தேர்ந்துகொள்ளலாம். விடுதலை நாளை எண்ணிக் காத்திருப்பதை விட்டுவிட்டு, நிகழ்கணத்தை அன்பால் நிரப்பி வாழத் தீர்மானித்தார். வயிற்று வலிக்கான மருந்து என்ற பெயரில் வெளியிலிருந்து வந்த சிறிதளவு இரசத்தைக் கொண்டு, மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் உள்ளங்கையில் ஏந்தி நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். அவருக்கு அதுவே பீடம், அதுவே பேராலயம். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தம் மக்களுக்காகச் சிறு சிறு சிந்தனைகளை எழுதி அனுப்பினார்.

1988 நவம்பர் 21 அன்று விடுதலையானார். 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002 செப்டம்பரில் இறைவனடி சேர்ந்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். 13 ஆண்டுக்கான பலத்தை அவர் ஒரே நாளில் பெறவில்லை. அன்றன்றைக்கு ஓர் ஓமேர், மூன்று துளி.

நம் வீட்டில் எப்படி?

மன்னா காலையில் இறங்கியது. கதிரவன் எழுமுன் எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதை மன்னா நமக்குக் கற்பிக்கிறது என்று சாலமோனின் ஞானநூல் விளக்குகிறது (சாஞா 16:27-28). எனவே காலையில் தொடங்குவோம்.

முதலாவது, அன்றைய திருப்பலி வாசகங்களில் ஒன்றை, குறிப்பாக நற்செய்தியை, மெதுவாக வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். 12ஆம் நூற்றாண்டின் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதியாய் இருத்தல் என்று நான்கு படிகளாக இதை வகுத்துத் தந்தார். ஐந்து அதிகாரம் படித்து முடிப்பதைவிட ஒரு வசனம் அந்த நாள் முழுவதும் உங்களோடு வருவது நல்லது.

இரண்டாவது, வாசித்தபின் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆண்டவரே, இன்று நான் என்ன செய்ய வேண்டும்?" பெரிய வெளிப்பாடுகளை எதிர்பார்க்க வேண்டாம். பேசாமல் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பேசு என்று தோன்றலாம். எடைக்கல்லைச் சரிசெய் என்று தோன்றலாம். மாமியாருக்கு நேரத்தில் மருந்து கொடு என்று தோன்றலாம். நற்செய்திக்கும் திருச்சபையின் போதனைக்கும் உங்கள் கடமைக்கும் ஒத்ததாக இருந்தால், அதுதான் உங்கள் அன்றைய ஓமேர். பெரிய முடிவென்றால் அனுபவமுள்ள ஒருவரிடமோ குருவிடமோ கலந்து பேசுங்கள்.

மூன்றாவது, வெயில் ஏறுமுன் செய்யுங்கள். தள்ளிப்போட்ட கீழ்ப்படிதலும் உருகிப்போகும்.

நான்காவது, இரவில் பாத்திரத்தைப் பாருங்கள். நாளைய எந்தக் கவலையை இன்றிரவு ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கேட்டு, அதை ஆண்டவர்முன் திறந்து வையுங்கள்.

அந்தத் தாயின் நாளைக் காலை

அந்த வார இறுதியில் அன்பியப் பொறுப்பாளர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை பெரிதாக எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து, நாளைக் காலை என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தோம். மறுநாள் காலையில் கணவருடைய மருத்துவக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அரசு உதவிக்கு விண்ணப்பிக்கப் போவது என்று முடிவானது. அதற்கடுத்த நாள் பங்குப் பெரியவர்கள் இருவர் கடன் கொடுத்தவரிடம் பேசப் போனார்கள். அன்பியக் குடும்பங்கள் முறைவைத்து அரிசியும் காய்கறியும் கொடுத்தன. ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய கணவரைப் பார்த்துக்கொள்ள, அவர் பிள்ளைகளோடு திருப்பலிக்கு வந்தார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கடன் உடனே அடையவில்லை. அவருடைய கணவர் பழையபடி சாரம் ஏறவும் இல்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து அந்தத் தாய் என்னிடம் சொன்னது இது: "முன்னெல்லாம் ராத்திரியில இருபது வருசத்துக்கும் சேத்துக் கவலப்படுவேன் சாமி. இப்ப நாளைக்கு என்ன வேலைன்னு மட்டும் கேட்டுட்டுப் படுத்துடறேன்." நான் படித்த மறைநூல்கள் எல்லாம் சொல்ல முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மன்னா அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்தில் இரபிதிமில் அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மோசேயின் கைகள் தளர்ந்துபோகின்றன. ஆரோனும் கூரும் அவரைக் கல்லின்மேல் அமரவைத்து, ஆளுக்கொரு பக்கம் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். கதிரவன் மறையும்வரை அவர் கைகள் உறுதியாக இருந்தன (விப 17:12). அங்கே உறுதி என்பதற்கு எபிரேயத்தில் உள்ள சொல் 'எமுனா'. நம்பிக்கை என்றும் நம்பகத்தன்மை என்றும் விவிலியம் பிற இடங்களில் பயன்படுத்தும் சொல் அது. நாம் சொல்லும் 'ஆமென்' அதே வேரிலிருந்து வருவதுதான். மாலைவரை தாங்கினால் போதும். தனியாகத் தாங்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

இன்று நமக்கு முன்னால் உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அந்த நாளுக்குரிய வார்த்தையைக் கேட்போம். கேட்டதைச் செய்வோம். யாருடைய கைகள் தளர்ந்திருக்கின்றன என்றும் பார்ப்போம்.

செபம்

அன்புத் தந்தையே, பாலைநிலத்தில் உம் மக்களுக்கு நாள்தோறும் உணவளித்தீர். நாளையைப் பற்றிய பயத்தால் நாங்கள் ஒளித்து வைத்திருப்பதை எல்லாம் உம்முன் திறந்து வைக்கிறோம். இன்று நீர் எங்களிடம் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டதை இன்றே செய்யும் மனத்தையும், எங்களிடம் மிஞ்சியிருப்பதை இல்லாதவரோடு பகிரும் கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.